கூட்டினால் நானூறு

ஆஸ்பத்திரி மின்பராமரிப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டார்கள். வயரிங் எப்படிச் செய்வது, எந்த வேலைக்கு எத்தனை கனத்தில் கம்பி என்பதையெல்லாம் நான் தொடப் போவதில்லை. அதற்கு உங்களுக்கு ஆளுண்டு. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு மத்தியானத்தைப் பற்றி. 

நான் டிப்ளமா முடித்துவிட்டு ஒரு பஞ்சாலையில் மின்பிரிவில் சேர்ந்தவள். என் உத்தியோக காலம் முழுக்க மோட்டார்களோடும் பேனல்களோடும் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார மனசு வரவில்லை. திருநெல்வேலியில் ஆற்றோரத்துத் தெரு ஒன்றில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் மின் மேற்பார்வையாளர் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போனேன். பிரசவமும் குழந்தை வைத்தியமும் மட்டும் பார்க்கிற இடம். கீழ்த்தளம், மேலே ஒரு மாடி, அவ்வளவுதான். இது நடந்தபோது நான் அங்கே சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்றே இன்னும் பிடிபடாத நேரம்.

அக்கினி நட்சத்திர வெயில். ஏசி இயந்திரங்களைக் கழட்டிக் கழுவ ஆட்கள் வந்திருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு மூன்று பேஸ், அதாவது கரண்ட் கொண்டுவரும் கம்பி மூன்று, வருகிறது. ஒன்று கீழ்த்தளத்துக்கு, ஒன்று மாடிக்கு, மூன்றாவது ஏசிகளுக்கு மட்டும். கழுவுகிற வேலை நடந்ததால் மூன்றாவது பேஸ் முழுதாக அணைந்திருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஓடிய மின்விசிறி திடீரென்று சோர்ந்து, இறக்கைகளை எண்ணிவிடலாம் போலச் சுற்றியது. மருந்துக்கடையில் இருந்த சாமுவேல் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, லோ வோல்டேஜ் போல. பிரிட்ஜ் உறுமுது. ஆட்டோகிளேவை அணைச்சிரட்டா? அதுதான் கரண்டை இழுக்கும்."

ஆட்டோகிளேவ் என்பது ஆபரேஷன் கருவிகளை நீராவியில் அவித்தெடுக்கும் இயந்திரம். கீழ்த்தளத்தில் அதிக மின்சாரம் குடிப்பது அதுதான். அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. "பொறு, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று மீட்டரை எடுத்து பிளக்கில் வைத்தேன். நூறு வோல்ட் காட்டியது. இருநூற்று முப்பது வர வேண்டிய இடத்தில் நூறு.

கோடைகாலத்தில் வோல்டேஜ் இறங்குவது நமக்குப் புதிதில்லை. ஆனால் அது நூற்றெழுபது, நூற்றெண்பது என்று இறங்கும். நூறு என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. யோசித்துக்கொண்டிருந்தபோதே மாடியிலிருந்து போன் வந்தது. எஸ்தர் சிஸ்டர். குழந்தைகள் தீவிர சிகிச்சை அறையின் நர்ஸ், நிதானமான பெண், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"அக்கா, சட்டுனு மேல வாங்க. யூபிஎஸ்ல இருந்து புகை வருது. லைட்டெல்லாம் கண்ணைக் கூசுது."

கீழே விளக்கு மங்குகிறது, மேலே கண்ணைக் கூசுகிறது. மீட்டரைக் கையில் பிடித்தபடியே படியேறினேன்.

மாடியில் அந்த அறையின் உள்ளே ஒரே ஒரு குழந்தை. மாதம் முழுதாகுமுன் பிறந்தது. அதன் அம்மா செல்வி வாசல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை மூடி எல்லோரும் மலையிலிருந்து இறங்கி வந்தபோது அவளும் புருஷனும் இறங்கி வந்து, டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். மலைக்குளிரில் வளர்ந்த பெண். இந்த ஊர் வெக்கையைத் திட்டாத நாள் கிடையாது என்று எஸ்தர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

உள்ளே டாக்டர் குழந்தையின் மேல் குனிந்திருந்தார். அது மூச்சு இயந்திரத்தில் இருந்த குழந்தை. தொண்டைக் குழாயில் சளி அடைத்துக்கொண்டதால் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சளி உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் கரண்டில் ஓடுவது.

நான் முதலில் பார்த்தது மூச்சு இயந்திரத்துக்கான யூபிஎஸ்ஸை. அது செத்துப்போயிருந்தது. அது சாகும் விதம் உங்களுக்குத் தெரியும்தானே? உள்ளே பழுதானால் ஒதுங்கிக்கொண்டு மெயின் கரண்டை அப்படியே இயந்திரத்துக்கு விட்டுவிடும். கரண்ட் நல்லபடியாக இருந்தால் அது உதவி. அன்றைக்கு அப்படி இல்லை.

சுவர் பிளக்கில் மீட்டரை வைத்தேன். முந்நூறு.

கீழே நூறு, மேலே முந்நூறு. கூட்டினால் நானூறு. அந்த நானூறைப் பார்த்ததும் அறுந்தது எது என்று தெரிந்துவிட்டது.

கொஞ்சம் நின்று அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பேஸுக்கும், கரண்ட் திரும்பிப் போகிற பொதுக் கம்பியான நியூட்ரலுக்கும் நடுவே இருநூற்று முப்பது வோல்ட். ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவே நானூறு. நியூட்ரல் ஒழுங்காக இருக்கிறவரை கீழ்த்தளம் தன் பாட்டுக்கு, மாடி தன் பாட்டுக்கு. நியூட்ரல் எங்கேயோ அறுந்துவிட்டால் ரெண்டு தளமும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே சங்கிலியாக அந்த நானூறுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். ரெண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட். ஆனால் வோல்டேஜைத் தடைக்குத் தக்கபடி பங்கு போட்டுக்கொள்ளும். தடை கூடுதலான பக்கத்துக்குப் பங்கும் கூடுதல்.

எத்தனை ஓம் என்று அப்போது நான் அளக்கவில்லை. பிறகு உட்கார்ந்து போட்டது இது. கணக்கு விளங்க முழு எண்ணாகச் சொல்கிறேன். கீழே ஆட்டோகிளேவ் ஓடியதால் கீழ்த்தளத்தின் தடை குறைவு, இருபது ஓம். மேலே அறுபது ஓம். சேர்ந்து எண்பது. நானூறை எண்பதால் வகுத்தால் ஐந்து ஆம்பியர். அந்த ஐந்தை இருபதால் பெருக்கினால் நூறு, அறுபதால் பெருக்கினால் முந்நூறு. மீட்டர் காட்டியது அதைத்தான்.

இதில் பொல்லாத சங்கதி ஒன்று உண்டு. ஆபத்து என்றால் நாம் எதையாவது அணைக்கத்தான் போவோம். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். எஸ்தரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். நான் மீட்டரைப் பிடித்து நிற்கும்போதே அவர் வராந்தா விளக்குகளையும் மின்விசிறிகளையும் வரிசையாக அணைத்துக்கொண்டு வந்தார். மீட்டரில் முந்நூறு, முந்நூற்றுப்பத்தாகி, முந்நூற்றிருபதாயிற்று. அணைக்க அணைக்க மேல்தளத்தின் தடை கூடுகிறது. கூடக்கூட மிச்சமிருக்கிற இயந்திரங்களின் தலையில் வோல்டேஜ் ஏறுகிறது. அறுபது ஓம் எண்பதாகிவிட்டது. கரண்ட் நாலு ஆம்பியராகக் குறைந்தது, வோல்டேஜோ முந்நூற்றிருபது.

"எஸ்தர், அணைக்காதீங்க. எதையும் அணைக்காதீங்க."

அவர் கேட்டமாதிரித் தெரியவில்லை. அவர் பார்வை வார்மரில் இருந்தது. குழந்தைக்குச் சூடு கொடுக்கும் கம்பி, தலைக்கு மேல் குடை மாதிரி நிற்பது. எப்போதும் சிவப்பாகக் கனலும் கம்பி அன்றைக்கு மஞ்சளாகப் பழுத்திருந்தது. கம்பியின் தடை நூறு ஓம் என்று வையுங்கள். இருநூற்று முப்பதில் அது தருகிற சூடு ஐந்நூற்றுச் சொச்சம் வாட். முந்நூற்றிருபதில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். வோல்டேஜ் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, சூடு ரெண்டு மடங்கு. அதன் கீழே ஒரு கையளவு குழந்தை.

எஸ்தரின் கை வார்மர் சுவிட்சுக்குப் போயிற்று.

அந்தச் சுவிட்சை அவர் அணைத்திருந்தால் மாடியில் மிஞ்சுவது மூச்சு இயந்திரமும் சளி உறிஞ்சும் இயந்திரமும் இன்னும் சில்லறைச் சாமான்களும்தான். தடை நானூறு ஓமுக்குப் போய்விடும். மூச்சு இயந்திரத்தின் மேல் முந்நூற்றெண்பது வோல்ட் விழும். அது அப்போதே வெடித்திருக்கும். குழந்தைக்குச் சூடு படக்கூடாது என்று அணைக்கிற கைதான் அதன் மூச்சையும் நிறுத்தியிருக்கும்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"கம்பி எரியட்டும். குடையை மட்டும் அந்தப் பக்கம் திருப்புங்க. குழந்தை மேல படாம திருப்புங்க."

எஸ்தர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனால் குடையைத் திருப்பினார். பழுத்த கம்பி வெறுஞ்சுவரைப் பார்த்து எரிந்தது.

"டாக்டர், நான் மெயினை இறக்கணும்" என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. "இப்ப வேண்டாம். குழாய் பாதியில நிக்குது. உறிஞ்சுற மெஷின் நின்னா சளியில எனக்குக் குழாய் போற வழி தெரியாது."

"மெஷின் எந்த நேரத்துலயும் வெடிக்கும், டாக்டர்."

"கொஞ்சம் பொறுங்கக்கா. குழாய் உள்ள போனதும் நானே சொல்லுதேன். அதுக்குப் பிறகு கரண்டே வேண்டாம், கையால மூச்சுக் கொடுத்துக்கிடுவேன்."

அவர் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. இரண்டு சரிக்கும் நடுவே ஒரு குழந்தை மூச்சில்லாமல் கிடந்தது. மெயினை இறக்கினால் குழந்தைக்கு ஆபத்து, இறக்காவிட்டால் இயந்திரத்துக்கு ஆபத்து, இயந்திரம் போனால் மறுபடியும் குழந்தைக்குத்தான். வாசலில் செல்வி கண்ணாடியில் அறைந்து, "என்ன செய்யுதீங்க, என்ன செய்யுதீங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். 

அறை வாசலை ஒட்டி, குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற இடம். அங்கே ஒரு கீசர் உண்டு. அதன் சுவிட்ச் எஸ்தருக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மேலே தடை கூடியதுதான் வினை என்றால், குறைக்க வேண்டியதுதானே?

"எஸ்தர், கீசரைப் போடுங்க."

"கீசரா?"

"போடுங்க."

போட்டார். என் கையிலிருந்த மீட்டர் முந்நூற்றிருபதிலிருந்து சடாரென்று இருநூறுக்கு இறங்கியது. வார்மர் கம்பி மஞ்சளிலிருந்து சிவப்புக்கு வந்தது. கண்ணைக் கூசிய விளக்கு சாதாரண விளக்காயிற்று. கீசரின் தடை இருபத்தாறு ஓம் வரும். அது எண்பதோடு பக்கவாட்டில் சேரும்போது மேல்தளமும் கீழ்த்தளம் மாதிரியே இருபதுக்கு வந்துவிட்டது. நானூறைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. கீழே சாமுவேல் சொன்னபடி ஆட்டோகிளேவை அணைத்திருந்தாலும் ஏறக்குறைய இதே சமன் வந்திருக்கும். ஆனால் அது ஒரு மாடி கீழே இருந்தது, கீசர் சுவிட்ச் பக்கத்தில் இருந்தது.

நிம்மதி வரவில்லை. வரக் கூடாது. கீசர் என்றைக்குமே ஓடிக்கொண்டிருக்கிற சாமான் இல்லை, தண்ணீர் சூடானதும் தானாக அணைந்துவிடும். நம் ஊர் கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கை வைக்க முடியாத சூடு. இன்னும் கொஞ்ச நேரத்தில் கீசர் 'டிக்' என்று நிற்கும், மறுபடி முந்நூற்றிருபது ஏறும்.

"சுடுதண்ணிப் பைப்பை முழுசாத் திறந்து விடுங்க. ஓடிக்கிட்டே இருக்கட்டும்."

தண்ணீர் ஓடியது. குளியலறையிலிருந்து ஆவி வந்தது. ஏசி இல்லாத அந்த அறையில் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது.

நான் சாமுவேலுக்குப் போன் போட்டேன். "ஆட்டோகிளேவைத் தொடாத. இப்ப நீ அதை அணைச்சா கீழ உள்ளதெல்லாம் எரிஞ்சிரும். மாடிப்படிக்குக் கீழ மெயின் இருக்குல்லா, அதுல கையை வச்சுக்கிட்டு நில்லு. நான் சொன்னதும் இறக்கு. சொல்லுதவரைக்கும் இறக்காத."

"என்னக்கா ஆச்சு?"

"பெறகு சொல்லுதேன். போனை வைக்காத."

தண்ணீர் விழும் சத்தம், உறிஞ்சும் இயந்திரத்தின் கரகரப்பு, செல்வியின் அழுகை. மீட்டரில் இருநூறு. நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது அசைந்தால் டாக்டர் என்ன நிலையில் இருந்தாலும் இறக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அந்த முடிவோடு நின்ற நேரம் எத்தனை என்று எனக்குத் தெரியாது. யாராவது கேட்டால் ஒரு மணி நேரம் என்றுதான் என் உடம்பு சொல்லும். அவ்வளவு இருந்திருக்காது.

"போயிட்டு" என்றார் டாக்டர். குழாய் உள்ளே போய்விட்டது. மூச்சுப்பையை மாட்டி விரல்களால் அமுக்கத் தொடங்கினார். குழந்தையின் நெஞ்சு எழும்பியது. "இறக்குங்க."

"சாமுவேல், இறக்கு."

எல்லாம் நின்றது. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. எஸ்தர் ஜன்னல் திரையை விலக்கினார், வெளிச்சம் வந்தது. டாக்டர் செல்வியை உள்ளே கூப்பிட்டார். கை கழுவிவிட்டு வரச் சொல்லி, குழந்தையின் பாதங்களை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"வார்மர் இல்லை. கால் சில்லுனு ஆகுதான்னு நீதான் சொல்லணும். சொல்லிக்கிட்டே இரு."

"சூடாத்தான் இருக்கு" என்றாள் செல்வி. கொஞ்சம் கழித்து, கேட்காமலே, "சூடாத்தான் இருக்கு" என்றாள். அந்த அறை அடுப்பு மாதிரி வெந்துகொண்டிருந்தது. அவள் திட்டிக்கொண்டே இருந்த அந்த வெக்கைதான் அப்போது குழந்தைக்கு வார்மர்.

கீழே போனேன். சாமுவேல் வெளிறிப்போய் மெயினைப் பிடித்தபடியே நின்றான். "ஜெனரேட்டரைப் போட்டுரலாமாக்கா? எல்லாரும் கேக்காங்க." நான் வேண்டாம் என்றேன். நியூட்ரல் அறுந்தது எங்கே என்று தெரியாமல் ஜெனரேட்டரைப் போட்டால் அதே நானூறை நம் கையாலேயே திரும்பவும் ஏற்றுகிற மாதிரிதான். மேலே டாக்டர் கையால் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கீழே நின்று ஜெனரேட்டர் வேண்டாம் என்று சொல்வது லேசான காரியமில்லை. நீங்கள் சொல்ல வேண்டி வரும், அதனால் சொல்கிறேன்.

எந்தப் பக்கமும் கரண்ட் இல்லை என்று சோதித்துவிட்டு போர்டைத் திறந்தேன். மூன்று பேஸுக்கும் மூன்று பியூஸ். அது சரி. நாலாவதாக, நியூட்ரல் கம்பியிலும் ஒரு பியூஸ் இருந்தது. அதைப் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளே கம்பி உருகி, கறுத்த துளிகளாகப் பீங்கானில் ஒட்டியிருந்தது.

என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. பஞ்சாலையில் எத்தனையோ கோளாறு பார்த்திருக்கிறேன். எலி கடித்தது, மழை புகுந்தது, பழசாகி இற்றது. இது தானாக வந்ததல்ல. ஒருத்தர் யோசித்து, அளந்து, ஒழுங்காகத் திருகு முடுக்கி வைத்தது. நியூட்ரல் எந்தக் காலத்திலும் அறுந்துவிடக் கூடாது. அதில் போய், அறுந்துபோவதற்கென்றே செய்த சாமானை மாட்டி வைத்திருக்கிறார்கள். ஏசி பேஸ் அணைந்து கிடந்ததால் சமன் கெட்டு, நியூட்ரலில் கூடுதல் கரண்ட் ஓடி, மெல்லிய கம்பி உருகிவிட்டது.

பியூஸை எடுத்துவிட்டுக் கனமான செம்புப் பட்டையை வைத்து முடுக்கினேன். அளந்து பார்த்து, ஒவ்வொன்றாகக் கரண்ட் கொடுத்தேன். மூச்சு இயந்திரம் பிழைத்திருந்தது. யூபிஎஸ்ஸும் மானிட்டரும் சில விளக்குகளும் போனதோடு முடிந்தது. குழந்தை பல வாரம் அங்கேயே இருந்து, எடை ஏறி, செல்வியின் தோளில் தூங்கியபடி வீட்டுக்குப் போயிற்று. அது வேறு நாள்.

அன்று நான் முதலில் கேட்டது, இந்தப் போர்டை மாட்டியது யார் என்று. பெருவெள்ளத்தில் கீழ்த்தளம் மூழ்கிய பிறகு ஏரலிலிருந்து வந்த ஒரு காண்டிராக்டர் மாற்றியது என்றார்கள். போன் செய்தேன். சாயங்கால வெயில் தாழுமுன் பைக்கில் வந்து சேர்ந்தார். எல்லோரும் அவரை முத்தையா அண்ணாச்சி என்பார்கள். சட்டைப்பையில் டெஸ்டர், நெற்றியில் திருநீறு, வேலையில் பெயர் எடுத்தவர். போர்டு வயரிங்கைப் பார்த்தபோதே தெரிந்தது, கம்பிகள் சடை பின்னின மாதிரி ஒழுங்காக ஓடின. நான் கோபமாகப் பேச வேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

உருகின பியூஸை அவர் கையில் கொடுத்தேன். மேலே நடந்ததைச் சொன்னேன். நூறு, முந்நூறு, நானூறு என்று எண்களைச் சொன்னேன். அவர் பியூஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதுகாப்புக்குத்தாம்மா போட்டேன்" என்றார். "வெள்ளத்துல தண்ணி போர்டு உயரத்துக்கு வந்துச்சு. சனம் சுவிட்சைத் தொடவே பயந்துச்சு. ரெண்டு பக்கமும் பியூஸ் போட்டா ரெட்டைப் பாதுகாப்புன்னு நெனச்சேன். பழைய காலத்துப் போர்டுல அப்படித்தானே இருக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. பழைய வீடுகளில் நானும் அப்படிப் பார்த்திருக்கிறேன். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. குழந்தை பிழைச்சிட்டா என்று கேட்டார். பிழைச்சிட்டு என்றேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே சொன்னார்.

"எம்மா, வெள்ளத்துக்குப் பெறகு ஏரல்ல நான் கை வச்ச வீடெல்லாம் இப்படித்தான் இருக்கு."

அவர் துண்டை இறக்கினார். கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது.

"இன்னைக்குக் காலையில ஒரு வீட்டுல இருந்து போன். கரண்ட் இல்லைன்னு. பக்கத்து வீட்டுல இருக்கு, இங்கன மட்டும் இல்லைன்னாங்க. சாயங்காலம் வாரேன்னு சொன்னேன். நீங்க கூப்பிட்டதால இங்க வந்துட்டேன்."

வீட்டில் ஒரே பேஸ்தான். அங்கே நியூட்ரல் பியூஸ் உருகினால் வோல்டேஜ் ஏறாது. பல்பு எரியாது, மின்விசிறி சுற்றாது, எதுவும் ஓடாது. கரண்ட் இல்லை என்றே எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் பேஸ் அப்படியே உயிரோடு இருக்கும்.

அவர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"அண்ணாச்சி, வாரீங்களா?"

"எம்மா, அவரு எங்க?"

"இங்கனதான். ஸ்டூல் மேல நிக்காவ. கரண்ட் இல்லாத நேரத்துலயே பழைய பேனைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டிரலாம்னு மாட்டிக்கிட்டு இருக்காவ."

"கையில உள்ளதை விட்டுட்டு இறங்கச் சொல்லு."

"ஏன் அண்ணாச்சி?"

"இறங்கச் சொல்லும்மா. மொதல்ல இறங்கச் சொல்லு."

அவள் திரும்பி, "ஏங்க, அண்ணாச்சி இறங்கச் சொல்லுதாவ" என்பது கேட்டது. ஒரு ஆண் குரல் ஏதோ முனகியது. ஸ்டூல் தரையில் உரசியது. "இறங்கிட்டாவ."

நான் போனுக்குக் குனிந்தேன். "வீட்டுல டெஸ்டர் இருக்கா? இருந்தா செருப்பைப் போட்டுக்கிட்டு, சுவத்துல உள்ள பிளக்குல வச்சுப் பாக்கச் சொல்லுங்க."

காத்திருந்தோம். 

"அண்ணாச்சி, டெஸ்டர்ல லைட் எரியுது."

"எந்த ஓட்டையில?"

"ரெண்டுலயும் எரியுது."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் பிரிட்ஜ் மாட்டியே இருந்திருக்கிறது. பேஸ் அதன் வழியாகப் போய், அறுந்த நியூட்ரலில் ஏறி, வீட்டிலிருக்கிற அத்தனை நியூட்ரல் கம்பியையும் உயிராக்கிவிட்டது. கரண்ட் இல்லாத வீட்டில் எந்தக் கம்பியைத் தொட்டாலும் கரண்ட்.

"மெயினை இறக்கச் சொல்லு. நாங்க வாரவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க" என்றார். அதைச் சொல்லி முடித்ததும் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணாச்சி கைபட்ட வீடுகளையும் கடைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து அந்த நாலாவது பியூஸைப் பிடுங்கி எடுக்கப் பல வாரம் ஆயிற்று. கூலி வாங்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். சிலர் ஏசினார்கள், சிலர் காபி கொடுத்தார்கள். முடிந்த நாளெல்லாம் நானும் கூடப் போனேன்.

முதலில் போனது அந்த வீட்டுக்குத்தான், மறுநாள் காலையில். வாழைக்காய் வியாபாரம் செய்கிற குடும்பம். ஸ்டூல் நடுவீட்டில் அப்படியே கிடந்தது. புது மின்விசிறி அட்டைப்பெட்டியில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே கொக்கியிலிருந்து இரண்டு வயர்கள் தொங்கின. மின்விசிறி சுவிட்ச் போட்டபடியே இருந்தது. கரண்ட் எப்போது வரும் என்று தெரிய வேண்டும் என்று போட்டு வைத்திருந்தார்களாம்.

அந்த வீட்டுக்காரர் என்னோடு எதுவும் பேசவில்லை. ஸ்டூலில் ஏறி, தொங்கிய வயர்களில் ஒன்றின் நுனியைப் பிடித்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். கட்டிங் பிளேயரைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் மேலுறையை உரிக்க வேறு வழி பார்த்திருக்கிறார். வாய் ஈரம். இருநூற்று முப்பது வோல்ட். ஈரமான உடம்பின் தடை ஆயிரம் ஓம் என்று வைத்தாலும், பழைய குண்டு பல்பு ஒன்றை எரிய வைக்கிற கரண்ட் அவர் தலை வழியாகப் போயிருக்கும். ஒரு ஆள் சாக அதில் பாதிகூட வேண்டாம்.

சிவப்பு உறையைச் சுற்றி வரிசையாகப் பல் பதிந்திருந்தது. இன்னும் ஒரு கடி கடித்திருந்தால் செம்பு.